கேட்காமல் பிரித்த விரல்

என் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்தொன்று. மனநல சிகிச்சைக்காகப் பிள்ளைகள் தங்கும் இல்லத்தில் ஒன்பது வருடமாகப் பராமரிப்பாளர் வேலை பார்த்து, அதன் பின்பக்க ஊழியர் அறையிலேயே குடியிருந்து வருகிறேன். பதின்மூன்று வயதுச் சிறுமியின் வலது கைச் சுண்டுவிரல் எலும்பு முறிந்தது தொடர்பாக அவளுடைய சித்தப்பா கொடுத்த புகாரின்பேரில் என்னை விசாரிக்க, நான் சொல்வதாவது.

எங்கள் இல்லத்தில் எந்தப் பிள்ளையையும் கேட்காமல் தொடக்கூடாது. பேன் பார்ப்பதானாலும் கேட்க வேண்டும். நாள் முழுக்க இதையே கேட்பதால் பிள்ளைகள் எனக்கு 'தொடலாமா அக்கா' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். மேற்படி சிறுமி வந்த புதிதில், சித்தப்பா என்ற சொல் காதில் விழுந்தாலே மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். அதை அன்றன்று அவளுக்கான தினக்குறிப்பு நோட்டில் எழுதினேன். தலை பின்னிவிடட்டுமா என்று தினமும் கேட்டேன். கல்லில் நார் உரிக்கிற கதைதான். ஐந்தாம் மாதம் ஒருநாள், "ம், பின்னுங்க. இறுக்கிப் பின்னாதீங்க" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதன் பிறகு, பின்ன விட்டாள், இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், சிரித்தாள் என்று பெருமையாக எழுதித் தள்ளினேன். அதற்குள் பழைய நோட்டு தீர்ந்து புது நோட்டு போட்டிருந்தோம். குழந்தைகள் நலக் குழுவுக்குப் போனது புது நோட்டு மட்டுமே. முன்னேற்றம் தெரிவதால் சித்தப்பா குடும்பத்தாரிடம் ஒப்படைக்கலாம் என்று உத்தரவு வந்தது. பழைய நோட்டைத் தூக்கிக்கொண்டு கண்காணிப்பாளரிடம் ஓடினேன். "உத்தரவு வந்தாச்சும்மா, இனிமே நான் என்ன பண்றது?" என்றார். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தார்கள். அதையும் என் எழுத்தைக் காட்டியே வைத்தார்கள் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அதன் பிறகு, சென்ற திங்கட்கிழமை பத்து மணிக்குச் சித்தப்பா வண்டியோடு வந்தார். "நம்ம வீட்டுப் பொண்ணு, நான் பாத்துக்க மாட்டேனா?" என்று சிரித்தார். சிறுமி தன் கட்டிலின் இரும்புச் சட்டத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். காவலாளியும் வண்டி ஓட்டுநரும் உள்ளே வந்தார்கள். ஆண்கள் கை படுவதற்கு என் கை தேவலை என்று நினைத்து, நானே குனிந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சுண்டுவிரல் வரவில்லை. இழுத்தேன். அவள் அழவில்லை. "அக்கா, நீங்க கேக்கவே இல்ல" என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு தானாகவே எழுந்து நடந்துபோய் வண்டியில் ஏறினாள்.

விரலை முறித்தது நான்தான். காவலாளிக்கும் ஓட்டுநருக்கும் இதில் சம்பந்தமில்லை. பழைய நோட்டை இத்துடன் சேர்க்கும்படி அதிகாரியிடம் கொடுத்தேன். விரல் சம்பந்தமாக அதில் எதுவும் இல்லை என்று திருப்பித் தந்துவிட்டார். சிறுமி இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன். புகார்தாரர் வீட்டில் பத்திரமாக இருப்பதாகச் சொன்னார்.

நான் சொன்னபடியே எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். எல்லாம் நடந்தது நடந்தபடி உண்மை.

(ஒப்பம்)