ஆனையின் ஐந்தாவது கால்

"ஐந்தே நிமிடம்" என்று என் காதில் ஓதிவிட்டு, மணியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் தலைவர், வியாபாரிகள் சங்கத்தின் தூண், சென்னப்பன் ஐயா அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! அணைத்தோமா இல்லையா என்று இப்போது நெளிந்துகொண்டிருக்கும் தாய்மார்களே! ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிய சட்டையோடு நேரே இங்கே வந்து நிற்கும் தம்பிகளே! தமிழில் கேட்டு, தெலுங்கில் முணுமுணுத்து, கன்னடத்தில் சிரிக்கும் பேரிகைப் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் வழக்கறிஞர் வினிதாவின் வணக்கம், வணக்கம், மீண்டும் வணக்கம்!

வணக்கத்துக்கே ஒரு நிமிடம் போய்விட்டது என்கிறார் தலைவர். போகட்டும் ஐயா, ஊருக்கே பேரிகை என்று முரசின் பெயரை வைத்துவிட்டு, முழங்க வந்தவளை மணியடித்து நிறுத்தினால் எப்படி?

காப்பீட்டுச் சட்டம் பற்றிப் பேச அழைத்தீர்கள். சட்டம் என்றதுமே பின்வரிசையில் ஓர் அண்ணன் எழுந்துவிட்டார். உட்காருங்கள் அண்ணா! நான் பேசப்போவது யானையைப் பற்றி! பார்த்தீர்களா, உட்கார்ந்துவிட்டார்.

முன்வரிசையில் மஞ்சள் சேலையில் முகத்தை மூடிச் சிரிக்கிறாரே, அவர்தான் மாதேஸ்வரி அக்கா. ஓசூர் தொழிற்பேட்டை வாசலில் களியும் கீரைக் குழம்பும் விற்கும் சாப்பாட்டு வண்டிக்காரர். பக்கத்தில் அவர் கணவர் மாதேஷ் அண்ணன். வண்டியை ஓட்டுவது அண்ணன், அண்ணனை ஓட்டுவது அக்கா!

ஒரு நாள் காலை. சானமாவுக் காட்டுச் சாலை. வண்டியில் அண்டா நிறைய ராகிக் களி. ஆவி பறக்கிறது, வாசம் பரவுகிறது. பரவிய வாசம் யாரை எட்டியது? காட்டிலிருந்து கம்பீரமாக வந்தது ஓர் ஒற்றை யானை! அண்ணன் ஓடினார். என்ன அண்ணா? நடந்தாராம். வேகமாக நடந்தாராம்! யானை நெற்றியை வைத்து ஒரு தள்ளு தள்ளியது. வண்டி சாய்ந்தது, அண்டா உருண்டது, களி காலியானது. கீரைக் குழம்பை மட்டும் அது தொடவே இல்லை. அக்காவுக்கு இன்று வரை அந்த வருத்தம் இருக்கிறது.

தரைப்பாலத்துக்குக் கீழே பதுங்கியபடி அக்கா காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் போட்டார். நடந்ததை நடந்தபடி சொன்னார். வந்த பதில் என்ன தெரியுமா? "விபத்துக்குக் காரணம் கூறப்படவில்லை. பின்னணியில் லாரி ஹாரன் கேட்கிறது. மோதிய லாரியை மனுதாரர் மறைத்துள்ளார். இழப்பீடு இல்லை."

லாரியாம்! எங்கிருந்து வந்தது லாரி?

அக்கா என் அலுவலகத்துக்கு வந்தார். வண்டி நின்ற இடத்தில் வேறொருவர் வண்டி வந்துவிட்டது. அண்டாவை டவுன் பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர் அண்டாவுக்கும் டிக்கெட் கேட்கிறார். ஆனால் அக்கா அழுதது அதற்கில்லை. "வண்டி போனா போவுது மேடம். என்னைப் பொய்க்காரின்னு எழுதிட்டாங்களே. நாளைக்கு எவன் நம்பி எங்கையால வாங்கித் தின்னுவான்?" என்றார். எனக்கு நெஞ்சு கொதித்தது.

"போட்டோ எடுக்கலையாக்கா?" என்றேன். "அதுகிட்ட போயி செல்ஃபியா எடுக்க முடியும்?" என்றார். நியாயம்தானே!

பதிவான குரலையும், அதைக் கேட்டு அவர்கள் எழுதியதையும் கேட்டு வாங்கினோம். நீங்களும் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் குரல்! படித்தேன். "வண்டி நல்லாத்தான் போச்சு. ஆனா வந்துச்சு. ஆனா தள்ளிச்சு. ஆனா தின்னுச்சு."

தாய்மார்களே, யானையை நம் வாய் எப்படிச் சொல்லும்? சத்தமாக! "ஆன"! ஆனால் என்பதை? "ஆனா"! இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? ஒரு துணைக்கால்! ஆண்டவன் யானைக்குக் கொடுத்தது நாலு கால். எழுதியவர் கொடுத்தது ஐந்தாவது கால். அந்த ஒரு கால் கூடியதும் அவ்வளவு பெரிய யானையே காணாமல் போய்விட்டதய்யா! கன்னடக்காரர் யாராவது கேட்டிருந்தால்கூட "ஆனெ" என்று பிடித்திருப்பார்.

கிருஷ்ணகிரி நுகர்வோர் ஆணையத்துக்குப் போனோம். ஆணையத்தில் ஆனை! நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுந்தார். "அம்மா, அந்தச் சொல் 'ஆனால்' என்பதே. யானை என்பது பிறகு சேர்த்த கற்பனை" என்று முழங்கினார். மாதேஸ்வரி அக்கா மெல்ல எழுந்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேங்க. 'ஆனா'வுக்கு எப்படிங்க பசிக்கும்?"

அவை குலுங்கியது. ஆணையத்தின் தலைவர் அம்மையார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பதிவைப் போடச் சொன்னார். அக்காவின் குரல் வந்தது. வண்டி நல்லாத்தான் போச்சு. ஆன வந்துச்சு. அப்புறம் வந்தது பாருங்கள், அந்த "லாரி ஹாரன்"! ப்ப்ப்பாஆஆங்!

அது ஹாரனா? அது பிளிறல்! காடே அதிரும் பிளிறல்! களி தின்ற வாயால், தானே முன்வந்து, சாட்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறது யானை! அம்மையார் கேட்டார், "வக்கீல் சார், இந்த லாரிக்கு நம்பர் பிளேட் உண்டா?" இரண்டாவது பிளிறலுக்கு அந்த வக்கீலும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு வந்தது. வண்டியைச் சரிசெய்யும் செலவு முழுவதும் நிறுவனத்தின் தலையில். ஆனால் அக்கா என்னை இரண்டு முறை படிக்கச் சொன்ன வரி வேறு: "மனுதாரர் எதையும் மறைக்கவில்லை." கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். நானும் துடைத்தேன், ஒப்புக்கொள்கிறேன்.

மணியடிக்காதீர்கள் ஐயா, சொல்ல வந்ததே இதுதான்! பாகப் பத்திரமா? வாடகை ஒப்பந்தமா? கூட்டு வியாபாரமா? காப்பீடா? எதுவானாலும், நீங்கள் சொன்னதை அவர்கள் எழுதினால், எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள்! புரியும் மொழியில் சொல்லச் சொல்லுங்கள்! மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்! முடிந்தது என்பார்கள். முடிந்ததா? முடியவில்லை என்று ஆணையத்தின் படியேறுங்கள்! வக்கீல் இல்லாமலும் ஏறலாம். என் பிழைப்பில் நானே மண் போட்டாலும் அதைச் சொல்லித்தான் தீருவேன்!

கூட்டம் முடிந்ததும் வாசலுக்குப் போங்கள். புதுப் பெயிண்ட் அடித்து நிற்கிறது அக்காவின் வண்டி. சூடான களி இருக்கிறது, நம்பி வாங்கித் தின்னுங்கள். அப்படியே வண்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். மாதேஷ் அண்ணன் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். காலை எண்ணி, சரி பார்த்து எழுதியிருக்கிறார்:

"ஆன வந்துச்சு. ஆனா, நாங்களும் வந்துட்டோம்!"

பொறுத்த தலைவருக்கும், சிரித்த உங்களுக்கும், பிளிறிய சாட்சிக்கும் நன்றி! வணக்கம்!