கம்பெனி விட்டுக்கொடுத்த ரகசியம்

…அந்த வக்கீல மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேம்மா. தலைய ஆட்டாதீங்க, முடிக்குப் போட்ட சாயம் காதுல வழியும். ஹேவர்கேம்ப்னு பேரு. எங்க வீட்டு மேஜையில உக்காந்து, நான் சுட்ட காப்பி கேக்குல ரெண்டு துண்டு தின்னுட்டு, "இது வெளிய போகாது, பெர்னடீன்"னு என்கிட்ட சொன்ன மனுஷன்.

நீங்க இந்த டொலீடோ ஊருக்குப் புதுசு, தெரிஞ்சிருக்காது. எங்க வீட்டுக்காரர் டெல்பர்ட் இருக்காரே, பஸ்ஸுக்கு பிரேக் செய்யிற கம்பெனியில சோதனை பாக்குறவர். அங்க சோதிக்காமலே சோதிச்சதா தேதி போட்டாங்கன்னு புகார் கிளம்பிச்சு. சர்க்கார் நுழையறதுக்கு முன்னாடி நாமளே விசாரிச்சுடுவோம்னு கம்பெனி இந்த ஹேவர்கேம்ப வச்சுது. அவர் ஒவ்வொருத்தரையா கேட்டு, அவங்க சொன்னது பாதி, தன் மனசுல பட்டது பாதின்னு எழுதிக்கிட்டார். வக்கீல் அப்படி எழுதுறத சர்க்காரே கேட்டாலும் குடுக்க வேண்டியதில்லையாம். டெல்பர்ட் அத நம்பித்தான் வாயத் திறந்தார். கல்யாணத்தன்னிக்குக்கூட அவ்வளவு பேசல.

அப்புறம் முதலாளிக்குக் கழுத்துல கத்தி வந்துச்சு. ஒத்துழைச்சா கம்பெனிய லேசா விட்டுடுவோம்னு சர்க்கார் தரப்பு ஆசை காட்டிச்சு. அவ்வளவுதான், மறைச்சு வைக்கிற உரிமையே எங்களுக்கு வேண்டாம்னு சொல்லி, வக்கீல் எழுதின அத்தனையையும் தூக்கிக் குடுத்துட்டாங்க. டெல்பர்ட்ட ஒரு வார்த்தை கேக்கல. உரிமை கம்பெனியோடதாம், நம்மளோடது இல்லயாம். எங்க வக்கீல்னுல்ல நான் நெனச்சேன்…

மறுவாரம் எஃப்.பி.ஐ. ஆளுங்க ரெண்டு பேர் வந்து நிக்கிறாங்க. கம்பெனி மேலாளர் எத்தன பொய்த் தேதி போடச் சொன்னார்னு கேட்டாங்க. டெல்பர்ட் ஒண்ணுங்கிறார். வக்கீல் எழுத்துல பத்துன்னு இருக்கு. எங்ககிட்ட பொய் சொன்னா ஜெயிலுன்னு சாயங்காலம் வரைக்கும் குடைஞ்சு எடுத்துட்டாங்க. பாவம், மனுஷன் சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு.

பத்துங்கிறது… அது நான் சொன்னது. அன்னிக்கு வக்கீல் இவரக் கேக்குறப்போ காப்பி ஊத்திக்கிட்டே குறுக்க சொன்னேன். பின்ன என்னம்மா, ஒரே ஒரு தேதின்னா யார் மதிப்பாங்க?

கடைசியில அடுத்த பக்கத்த புரட்டினப்புறம்தான் அவர விட்டாங்க. அதுல வக்கீல் தன் அபிப்பிராயம்னு எழுதியிருக்கார்: "கணவருக்குப் பொய் வராது. பத்து என்பது மனைவியின் கணக்கு. இந்த அம்மாளைச் சாட்சிக்கு அழைத்தால் வழக்கு கெட்டது." என் கேக்கத் தின்ன வாயி!

நாளைக்கு டெல்பர்ட் கோர்ட்டுல, கதவச் சாத்திக்கிட்டு ரகசியமா விசாரிக்கிற அறையில சாட்சி சொல்லப் போறார். கம்பெனி வாட்ச்மேனுக்குக்கூட சம்மன் வந்திருக்கு. எனக்கு இல்ல. எனக்கும் வரும்னு நான் நீலக் கவுன இஸ்திரி போட்டு மாட்டி வச்சிருந்தேன். அதப் பாத்துட்டு டெல்பர்ட் விழுந்து விழுந்து சிரிச்சார். வேணும்னா கூட வா, உள்ள விடமாட்டாங்க, வெளிய பெஞ்சுல உக்காந்துக்கன்னார்.

போகத்தான் போறேன். பெஞ்சுலயும் நாலு பேர் இருப்பாங்கல்ல.