நான்காம் நாள் தண்ணீர்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். வாத்தியார் முதல் வீட்டுக்காரி வரை எல்லோரும் சொன்னதுதான். ஆவணக் காப்பகத்தில் என் பழைய காகிதங்களை அடுக்கிவரும் நீங்களும் நேற்று சொன்னீர்கள். "அச்சடிச்ச மாதிரி இருக்கு சார்." அதே மூச்சில் இன்னொன்றும் கேட்டீர்கள்.

"ஏழாவது பெட்டியில ஒரு கறுப்பு பாட்டில் இருக்கு. சீட்டுல 'ஊற்று, நான்காம் நாள், காலை ஆறு பத்து, பச்சை'ன்னு எழுதியிருக்கீங்க. நோட்டுல அதே நாளுக்கு 'நிறம் இல்லை'ன்னு இருக்கு. எதை சார் பதியறது?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். இப்போது ஆற அமர எழுதுகிறேன்.

அது போர் நடந்த ஆண்டு. எல்லை மலைமேல் நாற்பத்தொரு வீடுகள் கொண்ட ஓர் ஊர். அது யாருடையது என்று இரண்டு நாடுகளும் இழுத்துக்கொண்டிருந்தன. ஊரின் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்த நாட்டுக்கே ஊர் சொந்தம் என்பது பழைய உடன்படிக்கை. ஆனால் அது சுண்ணாம்புப் பாறை மலை. தண்ணீர் ஊர் நடுவே ஒரு குழியில் விழுந்து மறைந்துவிடும். அது எங்கே வெளியே வருகிறது என்று பார்க்கத்தான் நிலவியல்காரனான என்னை அனுப்பினார்கள். குழியில் சாயத்தூளைக் கொட்டிவிட்டு, நம் பக்கத்து அடிவார ஊற்றில் ஐந்து நாள் காத்திருக்க வேண்டும். பச்சை வந்தால் ஊர் நம்முடையது.

எங்கள் மேலதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் நாற்காலி. எதற்கும் எழுந்ததில்லை. நான் புறப்படும்போது உட்கார்ந்தபடியே சொன்னார்:

"நம்ம ஊருன்னு வந்தா காவல் போடணும், ரோடு போடணும். குளிர் முடியற வரைக்கும் நீங்களும் அங்கதான். அவங்க ஊருன்னு வந்தா பீரங்கிக்காரங்க பார்த்துப்பாங்க. நீங்க வெள்ளிக்கிழமையே வீட்டுக்குப் போயிடலாம்."

பொய் எழுது என்று அவர் சொல்லவில்லை. பழியை அவர் தலையில் கட்ட மாட்டேன். வீட்டில் என் மனைவிக்கு மாதம் நிறைந்திருந்தது, தலைப்பிரசவம்.

ஊர்க்காரர்கள் மூட்டை கட்டி வாசலில் வைத்திருந்தார்கள். ஊர் எதிரியுடையது என்று முடிவானால் நம் குண்டுகள் அவர்கள்மேல்தான் விழும் என்று அவர்களுக்குத் தெரியும். அங்கே பள்ளிக்கூடம் நடத்திய டீச்சர் ஊர் சார்பில் தினமும் என்னோடு ஊற்றருகே நின்றாள். நான்காம் நாள் விடியலில் அவள்தான் முதலில் பார்த்தாள்.

"சார், வந்துடுச்சு. பச்சை."

இரண்டு கையாலும் அள்ளிக் காட்டினாள். நான் பாட்டிலில் பிடித்து மூடி, சீட்டு எழுதி ஒட்டினேன். மாதிரி எடுத்தால் சீட்டு ஒட்டாமல் எங்கள் தொழிலில் கை சும்மா இருக்காது. அப்புறம் அதைத் தூக்கி எறியவும் மனம் வராது. பிறகு பாறைமேல் உட்கார்ந்து, நோட்டில் 'நிறம் இல்லை' என்று எழுதினேன். அந்த எழுத்தும் அச்சடித்த மாதிரிதான் இருக்கிறது, நீங்களே பார்த்தீர்கள். ஐந்தாம் நாளுக்கும் சேர்த்து அப்போதே எழுதிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வீடு போய்ச் சேர்ந்தேன். சனிக்கிழமை மகள் பிறந்தாள். திங்கட்கிழமை பீரங்கிகள் சுட்டன. நாற்பத்தொரு வீடுகளிலும் ஆட்கள் இருந்தார்கள்.

எழுதியவன்தானே நான், சுட்டவன் வேறு ஒருவன் என்று முப்பத்தாறு ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லிவந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அது. மகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும்போதெல்லாம் இன்னும் இரண்டு நாள் என்று மனம் சொல்லும். அவளுக்கு இது தெரியாது. அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

பாட்டிலையே பதியுங்கள். நோட்டில் இருப்பது பொய்.

மூட்டை கட்டியிருந்தவர்கள் ஏன் போகவில்லை என்று அடுத்துக் கேட்பீர்கள். அது எந்தப் பெட்டியிலும் இல்லை. நான் நோட்டை மூடும்வரை டீச்சர் ஈரக்கையோடு பக்கத்தில் நின்றிருந்தாள். எழுதுகிறவரின் நோட்டை எட்டிப் பார்ப்பது மரியாதையில்லை என்று மலையைப் பார்த்தபடி நின்றாள்.

"எழுதிட்டீங்களா சார்?"

"எழுதிட்டேம்மா."

"அப்ப ஊர்ல போய் மூட்டையெல்லாம் அவுத்துடச் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள்.

"சொல்லுங்கம்மா" என்றேன்.