பெரியவர் ஏறும் கதவு

— குறிச்சு வச்சுக்கங்க மாமா. உலகத்துல பொய்யே சொல்லாத ஜீவன் ஒண்ணே ஒண்ணுதான். கரண்ட்டு. அதுக்கு அடுத்தது நான்.

— சரி மாப்ள.

— சிரிக்கச் சொல்லல, சீரியஸாத்தான் சொல்றேன். ஒயர நீங்க கெடுத்திருந்தா, நீங்கதான் கெடுத்தீங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன். இந்த மெக்கானிக்குங்க மாதிரி, "எப்படியும் போயிருக்கும் சார்"னு முதுகைத் தடவிக் குடுக்கற ஆளு நான் இல்ல. தொழில் தெரியாதவன் பேசற பேச்சு அது.

— டார்ச்ச எங்க காட்டணும்?

— மேல. கதவும் கூரையும் சேர்ற இடத்துல கறுப்பா ஒரு ரப்பர் குழாய் இருக்கு பாருங்க, யானைக்குட்டித் தும்பிக்கை மாதிரி. டிக்கி கதவுக்குப் போற அத்தனை ஒயரும் அதுக்குள்ளதான். கதவத் தூக்கும்போதெல்லாம் ஒயர் மடங்கும். மடங்கி மடங்கி ஒரு நாள் உள்ளயே ஒடிஞ்சுக்கும். வெளியில இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது.

— ம்.

— பின் சீட்ட மடக்கி, டிக்கிக்குள்ள மல்லாந்து படுத்து வேலை பாக்கற எலக்ட்ரிக்கல் ஸ்டூடண்ட் எங்க காலேஜ்லயே நான் ஒருத்தன்தான்.

— ஒரே பேப்பர்ல மூணு தடவ கோட்டை விட்டதும் நீ ஒருத்தன்தான்னு உங்கக்கா சொன்னா.

— அது பேப்பர் திருத்தினவன் சொன்ன பொய். கரண்ட்டு மேல குத்தமில்ல... த்தூ! வாயெல்லாம் முடி மாமா.

— பெரியவர் முடி.

— நாய் முடின்னு சொல்லுங்க. நாய்க்குப் பெரியவர்னு பேரு வச்சு, வாங்க போங்கன்னு கூப்பிட்ட வீடு இது ஒண்ணுதான். இந்த வீட்ல எனக்கே இன்னும் "டேய்"தான்.

— அவர் போர்வை மேல படுத்திருக்க. கொஞ்சம் தள்ளிப் படு.

— அதுதான் போயிடுச்சே மாமா.

— ம். தள்ளிப் படு.

— சரி, தள்ளியாச்சு. கதவு எத்தனை நாளா திறக்கல?

— பன்னெண்டு நாளா.

— அது போயும் பன்னெண்டு நாள்தான...

— அன்னைக்குத்தான். ஆஸ்பத்திரி வாசல்ல பட்டன அமுக்கினேன், திறக்கல. மறுபடி அமுக்கினேன். உள்ள மூச்சு வாங்கிட்டு இருக்காரு. நாப்பத்தஞ்சு கிலோ. அப்புறம் முன்பக்கமா ஏறி, சீட்ட மடக்கி, போர்வையோட இழுத்து... இருபது நிமிஷம் ஆயிடுச்சு.

— டாக்டர் என்ன சொன்னாரு?

— கொஞ்சம் முன்னாடியே உள்ள தூக்கிட்டு வந்திருக்கலாம்னாரு. கைய கழுவிட்டுப் போயிட்டாரு.

— மாமா...

— கதவு திறக்கலேன்னாக்கூடப் பரவால்ல மாப்ள. எதனால அறுந்துச்சுன்னு மட்டும் பாத்துச் சொல்லு. அது தெரிஞ்சா போதும்.

— அதுக்குத்தான வந்திருக்கேன். பத்த வைக்கற சூட்டுக்கோல் இங்க இருக்கு. உள்ள போய்க் கத்தரிக்கோலையும் என் பையில இருக்கற ஈயக் கம்பியையும் எடுத்துட்டு வாங்க.

— சரி.

— அக்கா! ஏ அக்கா! இங்க வா. மாமா உள்ள போயிட்டாரா?

— போயிட்டாரு. ஏன்டா டிக்கிக்குள்ள இருந்து கத்தற, பொதிக்குள்ள மாட்டின பூனை மாதிரி?

— குழாய்க்குள்ள பச்சை டேப்பு சுத்தியிருக்கு. யாரு வேலை?

— அவர்தான். போன மாசம் பட்டன் விட்டு விட்டு வேலை செஞ்சுது. மெக்கானிக்கிட்ட விடுங்கன்னேன். இத்துனூண்டு வேலைக்கு எதுக்குன்னு அவரே உக்காந்து சுத்தினாரு. பெரியவர் பக்கத்துல படுத்து மேஸ்திரி வேலை பாத்தாரு.

— ஒயர முறுக்கவே இல்ல அக்கா. ரெண்டு முனையையும் பக்கத்துல பக்கத்துல படுக்க வச்சு, மேல போத்தி விட்டிருக்காரு. ஆறு ஒயர்ல அஞ்சு கல்லு மாதிரி இருக்கு. கழண்டது இது ஒண்ணுதான். பட்டன் ஒயர்.

— அப்படின்னா...

— அப்படின்னா அதேதான்.

— டேய், அவர் கேப்பாரு.

— கேட்டா சொல்வேன்.

— நேத்து குழம்புல உப்பு போட மறந்துட்டேன். நல்லாருக்குன்னு சாப்பிட்டு எழுந்து போனாரு. அழுதாக்கூட ஒரு ஆறுதலா இருக்கும், அதுவும் இல்ல. மரக்கட்டை மாதிரி இருக்கற மனுஷன்கிட்ட போய் இதச் சொல்வியா?

— யாரு வேணா பொய் சொல்லலாம் அக்கா. ஒயர்க்காரன் சொன்னா வீடு பத்திக்கும்.

— ஆமா, பெரிய உத்தமரு பொறந்துட்டாரு.

— வராரு, வராரு. மூஞ்சிய மாத்து.

— இந்தா கத்தரி. கம்பி.

— குடுங்க. அக்கா, தள்ளி நில்லு, ஈயம் சொட்டும். டார்ச்ச ஆட்டாதீங்க மாமா... ஆச்சு. ஊதிக்கறேன். குழாய மாட்டியாச்சு. இப்ப வெளியில போய்ப் பட்டன அமுக்குங்க.

— திறந்துடுச்சு.

— எத்தனை அமுக்கு?

— ஒரே அமுக்கு.

— நான் இறங்கிக்கறேன். இப்ப மூடிப் பாருங்க.

— வாலு.

— என்ன மாமா?

— ஒண்ணுமில்ல. மூடறதுக்கு முன்னாடி சொல்வேன். உள்ள இழுத்துக்குவாரு. பழக்கம்.

— ...மறுபடி அமுக்குங்க.

— திறக்குது. ஒரே அமுக்கு.

— பத்து வருஷத்துக்கு இனி கவலையில்ல.

— மாப்ள.

— சொல்லுங்க மாமா.

— கரண்ட்டு பொய் சொல்லாது. அதுக்கு அடுத்தது நீ.

— ...ஆமா.

— என் டேப்புதான?

— என்னங்க, அவன் கைய கழுவிட்டு வரட்டும், அப்புறம்...

— நீ இரு. அவன் சொல்லட்டும்.

— அந்த டேப்பா? கெட்டியாத்தான் இருந்துச்சு மாமா. அதுக்கு ரெண்டு விரக்கட தள்ளி, குழாய்க்குள்ள ஒடிஞ்சிருந்துச்சு. கண்ணுக்கே தெரியாது. யாரு பாத்திருந்தாலும் விட்டிருப்பாங்க.

— டேப்ப காட்டு.

— வெட்டித் தூக்கிப் போட்டுட்டேன்.

— கைய ஏன் மூடி வச்சிருக்க?

— ஈயம் சுட்டுடுச்சு... மாமா, எப்படியும் போயிருக்கும்.

— எது, ஒயரா?

— ஒயரும்தான். ...எப்படியும் போயிருப்பாரு, மாமா.