குடைக்குள் திறந்த பெட்டி

பொள்ளாச்சியிலிருந்து வந்த எங்கள் பஸ் கேரள எல்லையில், கோவிந்தாபுரம் செக்போஸ்டில் நின்றது. முன்சீட்டில் ஒரு மாமியாரும் மருமகளும். மருமகள் மடியில் கறுப்புத் துணி சுற்றிய பெட்டி. சோதனைக்கு ஏறிய அதிகாரி அதைத் திறக்கச் சொன்னார்.

"வேண்டாங்க சார். வெளிச்சம் பட்டா ஒளி போயிருமுங்க!"

"வெளிச்சம் பட்டா ஒளி போகுமா?"

"தென்னை வேரைச் சன்னமாச் சீவி, சாயம் ஏத்தி, கண்ணாடியில ஒட்டியிருக்கறனுங்க. மைக்ராஸ்கோப்புல பாத்தா ஒளிருமுங்க. வெயில் பட்டா மங்கிருமுங்க. போன தடவை எல்லாமே போச்சு. இது நாலு மாச ஆராய்ச்சி வேலைங்க."

மாமியார் குடையை எடுத்துப் பெட்டிக்கு மேல் விரித்தார். "தலைய உள்ள உட்டுப் பாருங்க."

மருமகள் குடைக்குள் பெட்டியைத் திறக்க, அதிகாரி குனிந்து பார்த்தார். "ஓரத்துல ரோஸா என்னது?"

"நகப்பாலீஷுங்க. மேல்கண்ணாடி நகராம, உள்ள காயாம இருக்கறதுக்கு."

"என்ற பாட்டிலுங்க. முழுசாத் தீத்துப்புட்டா," என்றார் மாமியார்.

அதிகாரி சிரித்தபடி நிமிர்ந்தார். "இந்தத் தடவை சரியா வருமா?"

மருமகள் பெட்டியை மூடினாள்.

மாமியார் சொன்னார்: "வந்தா டாக்டர் பட்டமுங்க. வராட்டி இன்னொருக்காச் செய்யட்டும். ஊட்டு வேலைய நான் பாத்துக்கறனுங்க."

மருமகள் சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தாள்.