கிணற்றில் விழாத மூக்கம்மாள்

என் பெயர் நவநீதகிருஷ்ணன், வயது 51, தகப்பனார் பெயர் இருளாண்டி. அருப்புக்கோட்டை அருகே பாளையம்பட்டியில் குடியிருக்கிறேன். தொழில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுவது என்று சொன்னேன். காவல் நிலைய எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்ததால், ஜெராக்ஸ் கடை என்று திருத்திச் சொன்னேன்.

வெட்கக்கேடான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பவத்தன்று என்னை ஆட்டுக் கொட்டகையிலிருந்து காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள் என்பது உண்மை. மூன்று ஆடுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். என் உடம்பை மறைக்க மூன்று ஆடு போதவில்லை. ஆடு திருட வந்தேன் என்று புகாரில் ஒரு வரி இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதை மறுக்கிறேன்.

கடந்த தை மாதம் சென்னை வில்லிவாக்கத்திலிருந்து சுகந்தி, வயது 58, என்ற பெண்மணி என் கடைக்கு வந்தார். கணவர், பிள்ளைகள் இல்லை. தாயாரும் போன வருடம் தவறிவிட்டார். துணிப்பையில் இருந்த பழைய புகைப்படங்களையும் சினிமா நோட்டீஸ்களையும் பிரதி எடுக்கச் சொன்னார். அவருக்கு ஒரு பிரதி எடுத்தேன். அதன் பிறகு, அவர் கேட்காமலே, எனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டேன். புத்தி அன்றைக்கே கெட்டுவிட்டது.

படங்களில் இருந்தது அவருடைய அம்மாச்சி மூக்கம்மாள். நரிக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, 1927இல் பதினாறு வயதில் நாடகக் கம்பெனியோடு மதுரைக்குப் போய், அதன் பிறகு சென்னையில் ஒரு படக் கம்பெனியில் சேர்ந்து, ஐந்து வருடத்தில் பதினோரு பேசாத படங்களில் நடித்திருக்கிறார். முதல் நான்கும் சிரிப்புப் படங்கள். குடத்தோடு தடுக்கி விழுவார், குடித்துவிட்டு வரும் புருஷன் தலையில் சுளகு மாவைக் கொட்டிவிட்டு ஓடுவார். திரும்பத் திரும்ப விழவைத்ததில் இடது முட்டி கடைசிவரை சரியாக மடங்கவில்லையாம். அதன் பிறகு அழுகைப் படங்கள். கைம்பெண், பிள்ளையைப் பறிகொடுத்தவள், காட்டுக்குத் துரத்தப்பட்ட ராணி. சிதைக் காட்சியில் சேலையில் நிஜமாகவே தீப்பிடித்தது. நன்றாக வந்திருக்கிறது என்று அதையே வைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு பேசும் படம் வந்தது. பாடத் தெரிந்தவர்களுக்குத்தான் வேலை. பாடிக் காட்டச் சொன்ன இடத்தில் "வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாராம். அதன் பிறகு கம்பெனித் தையல்காரரைக் கட்டிக்கொண்டு, ஜாக்கெட் தைத்துப் பிழைத்து, 1974இல் இறந்திருக்கிறார். பதினோரு படங்களில் ஒன்றுகூட இன்று இல்லை.

"எனக்குன்னு யாரும் இல்ல சார். அம்மாச்சி ஊர்ல சொந்தம்னு ஒரு வீடு இருந்தா, அவங்களோட சேந்து ஒரு தடவ பொங்கல் வச்சிட்டுப் போயிடுறேன்" என்று சுகந்தி சொன்னார்.

அதன் பிறகு நான் விசாரித்ததில், அந்த ஊரில் இருளப்பசாமி, வயது 72, என்பவரின் தாத்தாவுக்குத் தங்கைதான் மூக்கம்மாள் என்று தெரிந்தது. மூக்கம்மாள் கிணற்றில் விழுந்து இறந்துவிட்டதாகச் சொல்லி, கன்னியாகச் செத்த பெண்ணைக் கும்பிடும் வழக்கப்படி கல் நட்டு, தொண்ணூறு வருடத்துக்கு மேலாக வீட்டுச் சாமியாகக் கும்பிட்டு வருகிறார்கள். ஓடிப்போனாள் என்பதைவிட விழுந்துவிட்டாள் என்பது ஊருக்குச் சொல்ல லேசு. கிணற்றில் பிணம் தேடியதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

விவரம் தெரிந்தவன் இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பான். நான் 'சாமி நடித்த பதினோரு படங்கள்' என்று ஒரு மாத இதழில் கட்டுரை எழுதினேன்.

அதன் பிறகு மாசி சிவராத்திரிக்கு மறுநாள், பங்காளிகள் எல்லாரும் கூடும் நாள் என்பதால், சுகந்தியை அழைத்துக்கொண்டு பகல் பதினோரு மணி பஸ்ஸில் போய் இறங்கினேன். சுகந்தி தன்னைப் பேத்தி என்று சொல்லிக்கொண்டார். இருளப்பசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எங்க சாமி பதினாறு வயசுல செத்த கன்னி. அதுக்கு எங்கேயிருந்து பேத்தி வரும்?" என்றார்.

"அப்ப நான் யாருங்கய்யா?"

"யாரோ. பொங்கலு வைங்க, கறிச்சோறு தின்னுட்டுப் போங்க. பேத்தின்னு மட்டும் சொல்லாதீக."

அந்த நேரத்தில் அவருடைய மகன் மதன்குமார், வயது 34, செல்போனில் என் கட்டுரையைப் பங்காளிகளுக்கு வாசிக்க ஆரம்பித்தார். "ஏலே, கேளுங்கடா. சாமி புருசன் தலையில மாவக் கொட்டிட்டு ஓடுதாம்."

"புருசனா? கன்னிக்கா?"

"எழுதுனவரு எங்க? இப்பத்தான எல போட்டாச்சான்னு கேட்டுக்கிட்டிருந்தாரு."

அதன் பிறகுதான் ஆட்டுக் கொட்டகை. தட்டி இடுக்கு வழியாகப் பார்த்ததைச் சொல்கிறேன். கொட்டு அடித்தார்கள். இருளப்பசாமியின் தங்கை வெள்ளைத்தாய், வயது 66, மேல் சாமி வந்தது. மற்ற சாமிகள் வந்தால் சத்தம் போட்டுக் குறி சொல்லும். இந்தச் சாமி உதட்டை மட்டும் அசைத்தது, குரல் வரவில்லை. இடுப்பில் குடம் இருப்பது போல நடந்து, தடுக்கி விழுந்தது. எழுந்து, இடது காலை மடக்காமல் இழுத்துப் போய், சுளகில் இருந்த மாவை இருளப்பசாமி தலையில் கொட்டிவிட்டு ஓடியது. யாரும் சிரிக்கவில்லை, கைகூப்பி நின்றார்கள். அதன் பிறகு சாமி உட்கார்ந்து, இல்லாத பிள்ளையை மடியில் கிடத்தி, இரண்டு விரலால் கண்ணைத் துடைத்தது. என் பையிலிருந்த பிரதிகளை எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். வரிசைகூட மாறவில்லை. ஒப்பிட்ட மும்முரத்தில் காலை வெளியே நீட்டிவிட்டேன்.

அதன் பிறகு இழுத்துப்போட்டார்கள். நான் மாவு கொட்டும் படத்தை இருளப்பசாமியிடம் நீட்டினேன். அவர் தலையும் மீசையும் வெள்ளையாக இருந்தன. படத்தின் மேல் உதிர்ந்த மாவைத் துண்டால் துடைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார். "ஆட்டுக்குள்ள ஒளிஞ்சவரு சாமியப் பத்திப் பேசாதீக" என்றார். படத்தைத் திருப்பித் தரவில்லை.

சுகந்தி வெள்ளைத்தாயிடம் போய், "இத யாரும்மா சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார்.

"சொல்லிக் குடுக்க இதென்ன பள்ளிக்கூடமா தாயி? எங்க அத்த மேல வந்தப்பவும் இப்பிடித்தான். அதுக்கு முந்தி, சாமியப் பெத்த ஆத்தா மேல. அவுக மாசம் ஒருக்கா மருதைக்குப் போயிட்டு வருவாகளாம்."

"வெள்ளத்தாயி, பேசாம இரு" என்றார் இருளப்பசாமி.

மதுரையில் அப்போது சினிமாக் கொட்டகைகள் இருந்தன என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அதன் பிறகு சுகந்தி எல்லாரும் வைத்த வரிசையில் வைக்காமல், வேலிக்கு வெளியே மூன்று கல்லைக் கூட்டிப் பொங்கல் வைத்தார். ஒருவரும் வந்து வாங்கவில்லை. சூடு ஆறாத பானையை முந்தானையால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திருச்சுழிவரை பஸ்ஸில் வந்தார். நான் ஒரு வாய் கேட்டிருக்கலாம். பசி இருந்தது, முகம் இல்லை. சொந்தம் என்று ஒரு வீடு தேடி வந்தவருக்கு, இருந்த ஒரு வீட்டையும் என் கட்டுரை அடைத்துவிட்டது என்றே நினைக்கிறேன். அன்று மாலையே இருளப்பசாமி இந்த நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார்.

மேலே உள்ளவை நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டவை. சிரிப்புக்கென்று சொன்ன இடங்களில் எழுத்தர் சிரிக்கவில்லை என்பதால் எல்லாம் உண்மை என்றே ஏற்றுக் கையெழுத்திடுகிறேன்.

கையெழுத்துக்கு முன் புகார் மனுவையும் படித்துப் பார்க்கக் கொடுத்தார்கள். கன்னித் தெய்வத்துக்கு வாரிசு உண்டு என்று பொய் எழுதியதற்குச் சாட்சிகளாக இரண்டு பெயர்கள் இருந்தன. முதல் சாட்சி மதன்குமார், மகன். இரண்டாம் சாட்சி சுகந்தி, வயது 58, வில்லிவாக்கம், சென்னை. அதற்கு நேரே, உறவு என்ற இடத்தில், இருளப்பசாமி தன் கையாலேயே 'தங்கச்சி முறை' என்று எழுதியிருக்கிறார்.

(ஒப்பம்) இ. நவநீதகிருஷ்ணன்