ஆறாம் பாகம்

டீச்சர்: சொல்லாதீங்க மாஸ்டர். வாயத் திறந்தீங்க, அப்புறம் பேச்சே கிடையாது.

மாஸ்டர்: நான் எதுவுமே சொல்லலையே.

டீச்சர்: மூஞ்சி சொல்லுதே. கொலை பண்ணது யாருன்னு அதுலயே எழுதி ஒட்டியிருக்கு. நான் இன்னும் பாதிதான் வந்திருக்கேன்.

மாஸ்டர்: பாதி படிச்சுமா தெரியல? பேக்கரி மாஸ்டர் எனக்கே தெரியுது, நீங்க கணக்கு டீச்சர் வேற...

டீச்சர்: எனக்கு அந்த லிஃப்ட்காரன் மேலதான் சந்தேகம்.

மாஸ்டர்: ம்ம்.

டீச்சர்: அந்த ம்ம் எதுக்கு?

மாஸ்டர்: தொண்டை காஞ்சிருக்கு டீச்சர். அதுக்குமா அர்த்தம் கண்டுபிடிக்கணும்?

சிஸ்டர்: ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இருங்களேன். மாஸ்டர், ஊசி குத்தின கைய மடக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? பாருங்க, மெஷின் கத்துது.

மாஸ்டர்: பக்கம் திருப்பணுமே சிஸ்டர்.

சிஸ்டர்: அதுக்குத்தான் இன்னொரு கை இருக்குல்ல?

மாஸ்டர்: அது புத்தகத்தப் பிடிக்குது. ராஜா ராணி மாயாஜாலம்னு எழுதறவங்களுக்கு நம்மள மாதிரி ஆளுங்க நெனப்பே கிடையாது. ஒவ்வொரு பாகமும் செங்கல் கனம்.

சிஸ்டர்: வயித்து மேல தலகாணி வைக்கிறேன், அதுல சாய்ச்சு வச்சுப் படிங்க. ரத்தம் சுத்தமாகி முடியற வரைக்கும் அந்தக் கை அசையக் கூடாது. டீச்சரம்மா, நீங்களும்தான்.

டீச்சர்: நான் அசையவே இல்லம்மா. மாஸ்டர், அஞ்சாம் பாகம் எவ்வளவு மிச்சம்?

மாஸ்டர்: இதோ... கடைசிப் பக்கம்... அடப்பாவி! படகோட்டியா? அந்தப் படகோட்டியா ராணியக் காட்டிக்குடுத்தான்?

டீச்சர்: ஹா! வந்தீங்களா வழிக்கு? மந்திரி மந்திரின்னு மூணாம் பாகத்துலேர்ந்து என்கிட்ட சாதிச்சீங்களே!

மாஸ்டர்: மந்திரி மூக்கும் முழியுமே சரியில்லையே டீச்சர்.

டீச்சர்: மூக்க வச்சா துரோகியக் கண்டுபிடிக்கிறது? கொலைக் கதைன்னா பத்துப் பக்கத்துல ஆளப் பிடிச்சிடறீங்க. இந்த ‘உப்புச் சிம்மாசனம்’ கதையில மட்டும் ஒவ்வொரு பாகத்துலயும் கோட்டை விடறீங்க. எப்படி மாஸ்டர் அது?

மாஸ்டர்: உப்பு நமக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்ல? அதான் போல.

டீச்சர்: நல்லா சமாளிக்கிறீங்க.

மாஸ்டர்: சரி, ஆறாம் பாகம் எங்க?

டீச்சர்: அது... அது இப்ப இல்ல.

மாஸ்டர்: இல்லன்னா?

டீச்சர்: இருக்கு. குடுக்கறேன். அதுக்கு முன்னாடி வேற ஒண்ணு படிங்களேன். கலங்கரை விளக்கத்துல வேலை செய்யற மூணு பேர், ஒரு நாள் காலையில பாத்தா ரெண்டு பேர்தான்...

மாஸ்டர்: மிச்ச ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணது.

டீச்சர்: ஐயோ! நான் கதைய ஆரம்பிக்கவே இல்ல.

மாஸ்டர்: ரெண்டே பேரை வச்சுக்கிட்டு வேற என்ன பண்ணுவாங்க?

டீச்சர்: சரி, அது வேணாம். பள்ளிக்கூடக் கதை ஒண்ணு. திக்குவாய்ப் பொண்ணு ஒருத்தி, புது ஸ்கூல்ல நாடகத்துல சேர்றா...

மாஸ்டர்: என் தலையில இருக்கிற நாலு முடியும் நரைச்சாச்சு. பதினஞ்சு வயசுப் பசங்க கதை எனக்கெதுக்கு?

டீச்சர்: அப்படித்தான் நானும் நெனச்சேன். கிளாஸ்ல ஒருத்தி டெஸ்க்குக்கு அடியில வச்சுப் படிச்சிட்டிருந்தா. பிடுங்கிட்டு வந்து ஸ்டாஃப் ரூம்ல சும்மா பிரிச்சேன். மணி அடிச்சதே காதுல விழல. மறுநாள் திருப்பிக் குடுக்கறப்போ அவகிட்டயே போய், இதோட அடுத்த பாகம் இருக்காம்மான்னு கேட்டேன். அன்னியோட அவளுக்கு என் மேல இருந்த பயம் போச்சு. படிங்க மாஸ்டர், கண்ணுல தண்ணி வரும்.

மாஸ்டர்: ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணிதான்னு அளந்து வச்சிருக்கீங்களே, கண்ணுல வர்ற தண்ணியும் அந்தக் கணக்குல சேருமா சிஸ்டர்?

சிஸ்டர்: என்ன வம்புல இழுக்காதீங்க.

டீச்சர்: அது வேணாம்னா டிராகன் வளக்கற ஊர் ஒண்ணு இருக்கு. அதுவும் வேணாம்னா, ரயில்ல ஒரு பெட்டி மட்டும் காணாமப் போற கதை. அப்புறம்...

மாஸ்டர்: டீச்சர்.

டீச்சர்: அப்புறம் நூலகத்துக்குள்ள ஒரு...

மாஸ்டர்: டீச்சர், ஒரு வருஷத்துக்கு உண்டானத ஒரே நாள்ல சொல்லி முடிக்கப் பாக்கறீங்க. ஆபரேஷன் எப்ப?

டீச்சர்: யார் சொன்னா உங்களுக்கு?

மாஸ்டர்: உங்க தங்கச்சி போன வாரம் டெஸ்ட்டுக்கு வந்துதே, வாசல்ல இருந்த செக்யூரிட்டியிலேர்ந்து கூட்டறவங்க வரைக்கும் ஒருத்தர் விடாம சொல்லிட்டுப் போச்சு. என் கிட்னி எங்க அக்காவுக்கு அச்சா பொருந்துதாம்னு. புதுப் புடவை எடுத்த மாதிரி ஒரு சந்தோஷம் அந்தப் பொண்ணுக்கு.

டீச்சர்: அவளுக்கு வாய்ல எதுவும் நிக்காது.

மாஸ்டர்: எனக்கு வருத்தம் அது இல்ல. நல்ல சேதிய ஏன் மறைச்சீங்க?

டீச்சர்: எப்படிச் சொல்றது மாஸ்டர்? உங்க ஹார்ட் தாங்காது, மாத்துக் கிட்னி வைக்க முடியாதுன்னு உங்ககிட்ட சொன்ன அன்னிக்கு நான் இதே பெட்லதான் படுத்திருந்தேன். அன்னிக்கும் நீங்க ஜோக் அடிச்சீங்க. அப்படிப்பட்ட ஆள் பக்கத்துல படுத்துக்கிட்டு, எனக்குக் கிடைச்சிருச்சு, நான் போறேன்னு... நாக்கு எழும்பல.

மாஸ்டர்: எனக்கு வைக்க வேண்டியதையா பிடுங்கிட்டுப் போறீங்க? உங்க தங்கச்சி உங்களுக்குக் குடுக்குது. இதுல என்ன குத்தம்?

டீச்சர்: குத்தம் இல்லதான். ஆனா இருக்கு.

மாஸ்டர்: எப்பன்னு இன்னும் சொல்லல.

டீச்சர்: நாளைக்கு அட்மிட் ஆகணும். இங்க இதான் கடைசி.

மாஸ்டர்: ரொம்ப சந்தோஷம் டீச்சர். நிஜமா.

டீச்சர்: சரி, நான் மறைச்சது வெளிய வந்தாச்சு. நீங்க மறைக்கிறது?

மாஸ்டர்: நானா? பேக்கரிக்காரன்கிட்ட மறைக்க என்ன இருக்கு? எல்லாத்தையும் கண்ணாடி அலமாரியில வச்சு விக்கிறவன்.

டீச்சர்: போன தடவ டாக்டர் உங்க பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து பேசினப்போ, நான் தூங்கறேன்னு நெனச்சீங்கல்ல?

மாஸ்டர்: சிஸ்டர்... கெண்டைக்கால் இழுக்குது.

டீச்சர்: நடிக்காதீங்க.

மாஸ்டர்: நிஜமாவே இழுக்குது... அம்மா...

சிஸ்டர்: இருங்க, இருங்க. பாதத்த நான் பிடிச்சுத் தள்ளறேன். மூச்ச விடுங்க. இன்னும்... விட்டுதா?

மாஸ்டர்: ம்... விட்டுது. விட்டுது.

டீச்சர்: நான் காத்திருக்கேன் மாஸ்டர்.

மாஸ்டர்: உங்ககிட்ட படிச்ச பசங்க பாவம்.

டீச்சர்: போதும் டாக்டர், இனிமே எனக்கு மெஷின் வேணாம்னு சொன்னீங்க. நிறுத்தினா ரொம்ப நாள் இருக்க மாட்டீங்கன்னு அவர் சொன்னார். தெரியும்னீங்க. அவர் எவ்வளவோ சொல்லிப் பாத்தார். எல்லாத்துக்கும் தெரியும், தெரியும்னே சொன்னீங்க.

மாஸ்டர்: தெரியும்தானே.

டீச்சர்: வீட்ல?

மாஸ்டர்: பேசியாச்சு. என் பொண்ணு முதல்ல கத்தினா. அப்புறம் அழுதா. அப்புறம் இந்தக் கைய மடியில வச்சுக்கிட்டு, ஊசி குத்திக் குத்திக் கயிறா முறுக்கிக்கிட்டு நிக்குதே, இத தடவிக்கிட்டே இருந்தா. கடைசியா, உங்க இஷ்டம்ப்பான்னு சொல்லிட்டா. கடையில அடுப்புப் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொல்லியிருக்கேன். விடிகாலையில முதல் தட்டு ரொட்டி வெளிய வர்றப்போ ஒரு வாசம் வரும் டீச்சர். அத அனுபவிச்சு எத்தன நாளாச்சு. அப்புறம் பெரிய டம்ளர் நிறைய தண்ணி. அளக்காம, கணக்குப் பாக்காம... உங்களுக்குத் தெரியாதா அந்த ஆசை?

டீச்சர்: தெரியும்.

மாஸ்டர்: அப்புறம் என்ன?

டீச்சர்: தெரிஞ்சும் எனக்கு மனசு கேக்கல. சிஸ்டர், உங்ககிட்ட ஒரு பை குடுத்து வச்சேனே, அத இவர்கிட்ட காட்டுங்க.

மாஸ்டர்: என்ன இது? மளிகைக் கடைப் பொட்டலம் மாதிரி...

டீச்சர்: ஆறாம் பாகம்.

மாஸ்டர்: புத்தகம் எங்க?

டீச்சர்: அதான் புத்தகம். கிழிச்சிட்டேன்.

மாஸ்டர்: நீங்களா? நான் பக்கத்த ஓரமா மடிச்சு வச்சேன்னு ஒரு வாரம் என்கூடப் பேசாம இருந்த ஆளு!

டீச்சர்: பிளேடு வச்சு அறுத்தேன். ஒவ்வொரு அத்தியாயத்தையும் தனித்தனியா தச்சு அட்டை போட்டிருக்கேன். நாப்பதுக்கு மேல இருக்கு. எல்லாம் சிஸ்டர்கிட்டயே இருக்கும். நீங்க வர்ற அன்னிக்கு ஒண்ணு. வந்தாத்தான் குடுப்பாங்க. கனமே இல்ல பாருங்க. ஒரு கையிலயே பிடிச்சுப் படிக்கலாம்.

மாஸ்டர்: சின்னப் பிள்ளைக்கு மிட்டாய் காட்டற மாதிரி காட்டறீங்க.

டீச்சர்: ஆமா, மிட்டாய்தான். வெக்கத்த விட்டுட்டுத்தான் காட்டறேன். தீவுல மாட்டிக்கிட்ட ராணி திரும்பி வர்றாளா இல்லையான்னு தெரிஞ்சுக்காம உங்களால இருக்க முடியுமா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க.

மாஸ்டர்: நெஞ்சத் தொடற கையிலதான் ஊசி இருக்கு.

டீச்சர்: விளையாடாதீங்க மாஸ்டர். இந்த ரூமுக்கு வந்த முதல் நாள் நான் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவ. இனிமே இதான் என் பொழப்பான்னு அழுதுக்கிட்டே இருந்தேன். வீட்ல, ஸ்கூல்ல, எல்லாரும் தைரியமா இருங்க, தைரியமா இருங்கன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் அத சொல்லல. படிக்க ஏதாவது இருக்கா டீச்சர்னு கேட்டீங்க. பையில இருந்த முதல் பாகத்த எடுத்து நீட்டினேன். அன்னிக்கு வீட்டுக்குப் போறப்போ, இந்த மனுஷன் எது வரைக்கும் படிச்சிருப்பாரு, மந்திரவாதி செத்த இடம் வந்திருக்குமான்னுதான் யோசிச்சுக்கிட்டுப் போனேன். மெஷின் நெனப்பே வரல. என்ன அப்படி இழுத்துக்கிட்டு வந்துட்டு, நீங்க பாதியில எந்திரிச்சுப் போவீங்களா?

மாஸ்டர்: அழாதீங்க. நாளைக்கு அட்மிட் ஆகணும்.

டீச்சர்: வர்றேன்னு சொல்லுங்க மாஸ்டர்.

மாஸ்டர்: சரி. வர்றேன்.

டீச்சர்: நாளன்னிக்கு?

மாஸ்டர்: நாளன்னிக்கும் வர்றேன், அதுக்கப்புறமும் வர்றேன். ராணி கதி தெரிய வேணாமா?

டீச்சர்: சத்தியமா?

மாஸ்டர்: கணக்கு டீச்சருக்கு சத்தியம் எதுக்கு? வர்றேன்னா வர்றேன்தான்.

சிஸ்டர்: டீச்சரம்மா, உங்களுக்கு முடிஞ்சுது. ஊசிய எடுக்கறேன், அழுத்திப் பிடிச்சுக்குங்க... அவ்வளவுதான். மெதுவா எந்திரிங்க. தங்கச்சி வெளிய வந்து நிக்கிறாங்க.

டீச்சர்: மாஸ்டர், போயிட்டு வர்றேன்னு சொல்லக் கூடாதாமே இங்க.

மாஸ்டர்: போறேன்னே சொல்லுங்க. திரும்பி வரவே கூடாத இடம் இது.

டீச்சர்: போறேன். நல்லாப் படிங்க. கடைசி அத்தியாயத்த முன்னாடியே குடுங்கன்னு சிஸ்டரத் தொந்தரவு பண்ணாதீங்க.

மாஸ்டர்: மாட்டேன். கைய ஆட்டாதீங்க, ரத்தம் வரும். போங்க டீச்சர்.

சிஸ்டர்: ...போயிட்டாங்க. கதவு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போறாங்க. இப்பதான் மாஸ்டர் எனக்கும் உயிர் வந்துது. டாக்டர்கிட்ட சொல்லிடறேன், மாஸ்டர் மனசு மாறிட்டாருன்னு. உங்களுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு, முதல் அத்தியாயத்த எடுத்துத் தரட்டுமா?

மாஸ்டர்: வேணாம் சிஸ்டர். டாக்டர்கிட்டயும் எதுவும் சொல்ல வேணாம். அவர்கிட்ட பேசினது பேசினபடியே இருக்கட்டும்.

சிஸ்டர்: இப்பதானே அவங்ககிட்ட வர்றேன்னு...

மாஸ்டர்: சொல்லாம விட்டா அவங்க நிம்மதியா போய் ஆபரேஷன் டேபிள்ல படுப்பாங்களா?

சிஸ்டர்: அவ்வளவு பாடுபட்டு அறுத்துத் தச்சுக் குடுத்திருக்காங்க. உங்களுக்கு அந்தக் கதை முடிவு கூட வேணாமா?

மாஸ்டர்: அந்த ஆறு பாகத்தையும் எப்பவோ படிச்சவன் சிஸ்டர் நான். உடம்பு நல்லா இருந்த காலத்துல, மாவு உப்பி வர்ற வரைக்கும் கடையில ஸ்டூல் போட்டு உக்காந்து படிச்சது. டீச்சர் வந்த முதல் நாள் இருக்கே, அன்னிக்கே நான் மெஷின்ல படுக்கறது இதான் கடைசி தடவைன்னு முடிவு பண்ணிட்டு வந்திருந்தேன். பக்கத்து பெட்ல ஒருத்தங்க சுவத்தப் பாத்துக்கிட்டு அப்படி அழறப்போ, எப்படி சிஸ்டர் எந்திரிச்சுப் போறது?